தவளை குடித்த பெட்ரோல்

கண்ணுசாமிக்கு வண்டி ஓட்ட யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. மிராசுதார் பஞ்சநதத்தின் வயலில் முதன்முதலாக டிராக்டர் வந்து இறங்கியபோது, உழவு மாடுகளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றவன் அவன். கொண்டுவந்த ஆள் நாள் முழுக்க ஓட்டிக் காட்டிவிட்டுப் போனான். மறுநாள் அதைக் கிளப்ப ஒருத்தராலும் முடியவில்லை. கண்ணுசாமி ஏறி உட்கார்ந்து கிளப்பினான். டிராக்டர் வந்தால் கூலிக்காரன் வயிற்றில் மண் விழும் என்று செங்கொடிச் சங்கத்தார் வயலை மறித்து நின்ற காலம் அது. தெற்குத் தெருவில் பிறந்தவன் ஒருவனே அதன்மேல் உட்கார்ந்திருந்ததைத் தெரு மறக்கவில்லை. அவனுடைய பங்காளி நல்லக்கண்ணு சங்கத்தில் முன்னால் நிற்கிறவன். அன்றோடு அவன் கண்ணுசாமியிடம் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டான்.

பஞ்சநதம் கார் வாங்கியபோது அதற்கும் அவனையே டிரைவராகப் போட்டார். கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர் மலேயாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து, சில காலம் ஓட்டி, சலித்துப்போய் விற்ற சீமை வண்டி அது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, ரத்தச் சிவப்பு. ரேஸ் வண்டி என்று பஞ்சநதம் சொல்லிக்கொள்வார். நல்ல சாலையில் விட்டால் பறக்கும் என்பதும் உண்மைதான். நல்ல சாலைக்கு எங்கே போவது? வெண்ணாற்றங்கரை மண்பாதையில் அது வயிற்றைத் தேய்த்துக்கொண்டு தத்தித் தத்திப் போவதைப் பார்த்து, நடவுக்குப் போகிற பெண்கள் அதற்குத் தவளை என்று பெயர் வைத்தார்கள். மிராசுதார் காதுக்கு மட்டும் அந்தப் பெயர் போகவில்லை.

அந்த வண்டியில் ஒரு சங்கடம் இருந்தது. முன்னால் இரண்டு பேர் தோளோடு தோள் உரச உட்கார வேண்டும். பின்னால் இருக்கிற இடத்தில், பண்ணைக் கணக்கு வழக்கைப் பார்க்கிற காரியக்காரர் துரைராசு முழங்காலை மடக்கிக்கொண்டு ஒண்டிக்கொள்வார். மிராசுதாரும் தெற்குத் தெருக்காரனும் ஒரே வரிசையில் எப்படி உட்காருவது? பஞ்சநதம் ஒரு வழி கண்டுபிடித்தார். தன் துண்டை நாலாக மடித்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். துண்டு இருந்தால் தீட்டு தாண்டாது போலிருக்கிறது. கண்ணுசாமியும் கியர் போடும்போது கை துண்டில் படாமல் போடப் பழகிக்கொண்டான்.

மிராசுதார் வீட்டுப் பொருள் எதுவும் கெடுவதில்லை. இதுவும் அந்த வீட்டு வழக்கம். மாடு நொண்டினால் மேய்த்தவன் சரியில்லை. ஏற்றம் முறிந்தால் மிதித்தவன் சரியில்லை. விதைநெல் முளைக்காவிட்டால் தெளித்தவன் கை ராசியில்லை. 'ஒங்க மாடு கிழடுங்க' என்று எவனும் வாயைத் திறந்து சொன்னதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் மருந்து கட்டி, சரியானபிறகு தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். கண்ணுசாமி இந்தப் பாடத்தை நடக்கக் கற்றபோதே கற்றிருந்தான்.

பெட்ரோல் விலை ஒரேயடியாக ஏறிய வருஷத்தில்தான் தவளைக்கு அந்தச் சீக்கு வந்தது. கழக ஆட்சி நடந்துகொண்டிருந்தது. பஞ்சநதமும் கதர் வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கரை வேட்டி கட்டத் தொடங்கியிருந்தார். வேட்டியை மாற்றலாம், நிலத்தை என்ன செய்வது? உச்சவரம்புச் சட்டம் வந்துவிட்டது. மாமனார் பெயருக்கு, மச்சினன் பெயருக்கு, தொட்டிலில் கிடந்த பேரன் பெயருக்கு என்று நிலத்தைப் பிரித்துப் பிரித்து எழுதினார்கள். அதற்காக மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் கார் ஓயாமல் ஓடியது. முன்பெல்லாம் இரண்டு ஊரையும் சுற்றிவிட்டு வந்தாலும் பெட்ரோல் முள் பாதிக்கு மேலே நிற்கும். இப்போது போய்ச் சேரும்போதே முள் படுத்துவிடுகிறது.

மார்கழியில் ஒருநாள் வீட்டு வாசலில் இறங்கும்போது பஞ்சநதம் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னடா கண்ணுசாமி, வண்டி ஓடுதா, பெட்ரோல வாய்க்கால்ல ஊத்துதா?"

"தெரியலீங்க ஐயா. பாக்குறேங்க."

பின்னாலிருந்து துரைராசு ஒவ்வொரு காலாக வெளியே இழுத்துக்கொண்டு இறங்கினார். "வயசான வண்டின்னா மைலேஜ் கொஞ்சம் கொஞ்சமாக் கொறையும். இது ஒரே மாசத்துல கவுந்துருச்சு. ஷெட்டு சாவி யாருகிட்டங்க இருக்கு?"

சாவி யாரிடம் இருக்கிறது என்று மூன்று பேருக்கும் தெரியும். கண்ணுசாமியின் இடுப்பில் இருந்தது.

"வித்துத் தின்னா தொலையுதுன்னு விட்டுடலாங்க" என்றார் துரைராசு. "தெக்குத் தெருவுல பெட்ரோல் டின்னு சேருதுன்னா அது வேற கதை. அறுப்பு வருது. களத்துல வைக்கப்போரு நிக்கும்."

தீ என்ற பேச்சு அந்தப் பக்கத்தில் விளையாட்டில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் குடிசைகள் எரிந்த நாற்றம் இன்னும் ஜனங்களின் மூக்கில் இருந்தது. எரிந்தது கூலிக்காரர்களின் குடிசைதான். ஆனால் பயந்து கிடந்தவை மிராசுதார்களின் மெத்தை வீடுகள். பஞ்சநதத்தின் முகம் மாறிவிட்டது.

"பொங்கல் வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள முள்ளு நிக்கலேன்னா ஸ்டேஷன்ல போயி பதில் சொல்லிக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கண்ணுசாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை. போலீஸ் அடிக்குப் பயந்து அல்ல. அவன் அப்பன் முருகையனை நெல் எடுத்தான் என்று களத்துத் தூணில் கட்டிவைத்து அடித்திருந்தார்கள். அடி தாங்காமல் அந்த மனுஷன் எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டான். அவன் எடுக்கவில்லை என்று கண்ணுசாமிக்குத் தெரியும். பக்கத்திலேயே பதர் தூற்றிக்கொண்டிருந்தவன் அவன். முருகையன் போய்ச் சேர்ந்துவிட்டான், பெயர் போகவில்லை. குழாயடிச் சண்டை என்றால்கூட 'களவாணி மவன்' என்றுதான் முதல் வார்த்தை வரும். அடுப்பு எரியாத நாளிலும் கண்ணுசாமி அடுத்தவன் வரப்பில் ஒரு கீரையைக் கிள்ளியதில்லை. மிராசுதாரின் ஆள் என்று தெரு திட்டலாம், தெற்குத் தெருக்காரன் என்று மிராசுதார் துண்டு போட்டுக்கொள்ளலாம். திருடன் என்ற அந்த ஒரு சொல் மட்டும் தன்மேல் விழக் கூடாது. அவன் வாழ்க்கையில் கேட்டது அவ்வளவுதான்.

பெட்ரோல் எங்கே போகிறது என்று தேட ஆரம்பித்தான். முதலில் ஒழுக்கு. ஷெட்டில் வண்டிக்கு அடியில் ஆற்றுமணலைப் பரப்பிவைத்தான். விடிந்து பார்த்தால் மணல் காய்ந்தபடியே கிடந்தது. பிறகு காற்று வடிகட்டியைக் கழற்றினான். வைக்கோல் துரும்பும் புழுதியும் அடைத்துக்கொண்டு எஞ்சினுக்கு மூச்சு முட்டியிருந்தது. மூச்சு முட்டினால் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். அதைத் தட்டிச் சுத்தம் செய்து மாட்டியபோது சனியன் விட்டது என்றுதான் நினைத்தான். திருவாரூர் போய் வந்ததும் முள் முன்போலவே படுத்தது.

பிளக்குகளைக் கழற்றினான். கரி அப்பியிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். டயரில் காற்றுக் குறைந்தால் வண்டி கனக்கும் என்று நான்கிலும் அடித்தான். ஓடி நின்றவுடன் ஒவ்வொரு சக்கரமாகத் தொட்டுப் பார்த்தான். பின்சக்கரம் ஒன்று அடுப்பாகக் கொதித்தது. பிரேக் பிடித்தபடியே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதைத் தளர்த்தினான். கிடைத்த இறக்கத்தில் எல்லாம் நியூட்ரலில் விட்டான். அந்தச் சீமையில் இறக்கம் ஏது, வாய்க்கால் பாலத்தை விட்டால்? முள் ஒரு மயிரிழை நின்றது, மறுபடியும் விழுந்தது. ஒவ்வொரு தடவை விழும்போதும் துரைராசு பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சாய்ந்துகொள்வார்.

வீட்டில் அம்சம், "ஓம்மேல எந்நேரமும் பெட்ரோல் நாத்தம்யா" என்றாள்.

"வண்டியக் கழட்டி மாட்டுறேன், நாறாம என்ன பண்ணும்?" என்று எரிந்து விழுந்தான்.

பொங்கலுக்கு முந்தின வாரம் பஞ்சநதம் மன்னார்குடி ரெஜிஸ்டர் ஆபீசில் உட்கார்ந்தார். மத்தியானம் தாண்டாமல் எழுந்திருக்க மாட்டார் என்று தெரிந்தது. கண்ணுசாமி யாரையும் கேட்காமல் வண்டியைக் கூத்தாநல்லூருக்கு விட்டான். அங்கே நெய்னா பாய் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். மலேயாக்காரர் கையில் இருந்த காலத்தில் இந்த வண்டியைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

பாய் வண்டியின் மூக்கைத் தூக்கிவிட்டு உள்ளே குனிந்தார். பார்க்கவேண்டியதை எல்லாம் கண்ணுசாமி பார்த்துவிட்டதாகச் சொன்னான்.

"எல்லாஞ் சரிதான் தம்பி. ஆயில் எப்படிக் குடிக்கிது?"

"அது ஒண்ணுதான் பாய் நல்ல சேதி. முன்னெல்லாம் ஊத்தி மாளாது. இப்ப ஒரு மாசமா ஆயிலே கேக்கல."

பாய் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். ஆயில் அளக்கும் கம்பியை உருவினார். கோட்டுக்குக் கீழே இருக்கவேண்டிய ஆயில் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது. கெட்டியாக இல்லை, கஞ்சித் தண்ணியாக வழிந்தது. கம்பியைக் கண்ணுசாமியின் மூக்குக்கு நேரே நீட்டினார். "மோந்து பாருங்க."

பெட்ரோல் வாசனை குப்பென்று அடித்தது.

டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து எஞ்சினுக்குக் கொடுக்க ஒரு பம்பு உண்டு. அதற்குள் ரப்பர் பூசிய துணி ஒன்று இருக்கும். அது கிழிந்துபோயிருந்தது. கிழிசல் வழியாகப் பெட்ரோல் வெளியே சொட்டாமல், எஞ்சினின் அடிவயிற்றில் ஆயிலோடு ஆயிலாக இறங்கிக்கொண்டிருந்தது. மணல் ஏன் காய்ந்து கிடந்தது என்று கண்ணுசாமிக்கு இப்போது விளங்கியது. ஆயில் குடிக்கவில்லை என்று தான் சந்தோஷப்பட்டதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். திருடன் யார் என்று தெரிந்துவிட்டது. திருடன் தான் இல்லை.

பாய் வேறொரு பழைய பம்பிலிருந்து நல்ல துணியை எடுத்துப் பொருத்தினார், கெட்ட ஆயிலை இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றினார். கூலி வேண்டாம் என்றுவிட்டார். அந்த வண்டி மேல் அவருக்கு ஒரு பாசம். கிழிந்த துணியைக் காகிதத்தில் மடித்து அவன் கையில் கொடுத்தார்.

"இதக் கொண்டுபோயி ஒங்க மொதலாளி கையில குடுங்க. வாயால சொன்னா ஏறாது."

கண்ணுசாமி வாங்கிக்கொண்டான். மன்னார்குடிக்குத் திரும்பும் வழியில் அது மடியில் கனத்துக்கொண்டே வந்தது. இதைக் காட்டினால், ஒங்க வண்டி கெட்டுப்போச்சு என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். ஒங்க சந்தேகம் தப்பு என்று சொன்னதாகவும் ஆகும். எவனும் சொல்லாத பேச்சை அவன் மட்டும் எப்படிச் சொல்வான்? அதோடு, கேட்காமல் கூத்தாநல்லூர் போனதும் வெளியே வரும். முள் நின்றுவிட்டால் போதாதா, ஐயாவுக்குக் கண் இல்லையா என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பாலத்தில் வண்டியை நிறுத்தி, காகிதத்தோடு சேர்த்து ஆற்றில் எறிந்தான். விவரமுள்ளவன் செய்கிற காரியமா இது? ஆனால் மாட்டுக்கு ரகசியமாக மருந்து கட்டியே பழகிய கை அது, வேறு எதுவும் அதற்குத் தெரியாது.

முள் நின்றது. இரண்டு ஊரையும் சுற்றி வந்தும் பாதிக்கு மேலே கம்பீரமாக நின்றது. பஞ்சநதம் பார்த்தார். துரைராசுவும் பார்த்தார். கண்ணுசாமி போகிப் பண்டிகை அன்று விசில் அடித்துக்கொண்டே வண்டியைத் துடைத்தான்.

மாட்டுப் பொங்கல் அன்று பண்ணையாட்கள் மிராசுதார் வீட்டுக் கொல்லை முற்றத்தில் வந்து பொங்கல்படி வாங்குவது வழக்கம். கூலித் தகராறு முற்றியிருந்ததால் சங்கத்து ஆட்கள் அந்த வருஷம் வரவில்லை. வந்தவர்கள் வரிசையாக நின்று நெல் வாங்கினார்கள். கண்ணுசாமியின் முறை வந்ததும் பஞ்சநதம் அளப்பவனைக் கையமர்த்தினார்.

"பெட்ரோல் என்னடா ஆச்சு?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவன் காத்திருந்தான். "சரியாயிடுச்சுங்க ஐயா. இனிமே கொறையாதுங்க."

"பாத்தீங்களா" என்றார் துரைராசு. "ஸ்டேஷன்னு சொன்னதும் மைலேஜ் வந்துருச்சு."

முற்றத்தில் சிரிப்பு எழுந்தது. கண்ணுசாமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவசரமாகச் சொன்னான். "இல்லீங்க ஐயா, பம்புல ஒரு துணி கிழிஞ்சுபோயி..."

"எங்க அந்தத் துணி?"

"ஆத்துல போட்டுட்டேங்க."

"பம்ப எங்க பாத்தே?"

"கூத்தாநல்லூர்லங்க. பாய்கிட்ட."

"யாரக் கேட்டு வண்டிய எடுத்துட்டுப் போனே?"

பஞ்சநதம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகத்தில் ஒரு பெரிய மனுஷத்தனம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"விடு. நல்ல நாள் அதுவுமா எனக்கு எதுக்கு அந்தப் பேச்சு? வயித்துக்கு இல்லாமத்தான் கை நீட்டுறீங்க. வேணும்னா கேட்டு வாங்கு, எடுக்காதே. நான் மறந்துட்டேன்" என்றவர் அளப்பவனைப் பார்த்து, "இவனுக்கு ஒரு மூட்டையாவே தூக்கிவுடு" என்றார்.

மன்னித்தவரிடம் என்ன வாதாடுவது? நெய்னா பாயைக் கூட்டிவந்து சாட்சி சொல்ல வைக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தான். மறந்துவிட்டேன் என்று ஊர் முன்னால் சொன்ன மிராசுதாரைப் பொய்யர் ஆக்கவா? பொங்கல் அன்று கொடுக்கிற நெல்லை வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது. மூட்டையைத் தலையில் ஏற்றிவிட்டார்கள். தூக்கிக்கொண்டு நடந்தான்.

தெருமுனைக் கொடிக்கம்பத்தடிக்குச் செய்தி அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த நல்லக்கண்ணு எழுந்து வந்தான். இத்தனை காலம் பேசாதவன் கண்ணுசாமியின் தலைமூட்டையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"வா பங்காளி. ஒன்ன என்னமோன்னு நெனச்சுட்டோம். அவன் வண்டியிலேருந்தே உருவியிருக்கியே, அவன் பக்கத்துல ஒக்காந்துகிட்டே."

"நான் எடுக்கல நல்லக்கண்ணு. சத்தியமா எடுக்கல."

"எங்ககிட்ட என்னத்துக்குய்யா மறைக்கிறே? நம்ம அப்பனுவோ ஒழச்ச காசுல வாங்குன வண்டிதானே அது."

கூட்டம் சிரித்தது. ஒருவன் பீடி நீட்டினான், ஒருவன் தோளில் தட்டினான். தெரு தன்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கண்ணுசாமி எத்தனையோ நாள் ஏங்கியதுண்டு. இப்படிச் சேர்த்துக்கொள்ளும் என்று நினைத்ததில்லை. அன்று வந்ததுதான் பெட்ரோல் கண்ணுசாமி என்ற பெயர். பின்னால் பஞ்சநதத்தின் நிலத்தில் ஒரு பகுதி உச்சவரம்பில் போனது, தெற்குத் தெருவில் சில பேருக்குப் பட்டா கிடைத்தது, கண்ணுசாமிக்கும் ஒரு துண்டு கிடைத்தது. கார் வெளியூர்க்காரர் ஒருவருக்குக் கைமாறிப் போனது. பெயர் மட்டும் அவன் சாகும்வரை கூடவே இருந்தது. யாரும் அதை வெறுப்பாகச் சொன்னதில்லை. பிரியமாகத்தான் கூப்பிட்டார்கள். பிரியமாகக் கூப்பிடுகிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது?

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்சத்தை எதிரில் உட்காரச் சொன்னான். இவள் ஒருத்தி நம்பினால் போதும் என்று இருந்தது. பம்பு இப்படி இருக்கும், துணி இப்படி ஏறி இறங்கும், கிழிந்தால் பெட்ரோல் இந்தப் பக்கமாக இறங்கும் என்று இரண்டு கையாலும் காட்டிச் சொன்னான். மணல் பரப்பினதைச் சொன்னான். ஆயில் கம்பியை மோந்து பார்த்ததைச் சொன்னான். பாலத்தில் நின்று துணியை எறிந்ததையும் மறைக்காமல் சொன்னான். அவன் சொல்லி முடித்ததும் அவள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நான் நம்புறேன்யா" என்றாள். "நீ சொன்னா சரிதான்."

கண்ணுசாமிக்கு உயிர் வந்தது. அம்சம் மூட்டையைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"கோச்சுக்காதே. அந்தப் பெட்ரோல் காசுல எதாச்சும் மிச்சம் வச்சிருக்கியா? நம்ம புள்ள ராசம்மாளுக்கு ஒரு பாவாட எடுக்கணும்."

வெளியே மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. மறுபடியும் பம்பிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று அவன் கையைத் தூக்கினான், தூக்கிய கை மடியிலேயே விழுந்தது.

"மிச்சம் ஒண்ணும் இல்ல புள்ள" என்றான்.